வலம் என்றால் சுசீலா

தந்தி வந்தபோது நான் அக்கரப்பத்தனைப் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்புக்குக் காந்தம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தபால்காரர் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சேற்றுச் செருப்போடு அதிபரின் அறைவரை போய் வருகிற மனிதர் அவர். செருப்பைக் கழற்றியதைப் பார்த்ததுமே பாதி விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் இருந்தது தந்தி. லோகநாயகி காலமானார், உடனே வரவும். அந்தப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளில் என் கண் நின்றுவிட்டது: எல், ஓ, ஜி. அந்த மூன்று எழுத்துகளுக்கும் எனக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. அதைச் சொல்லாமல் லோகநாயகி டீச்சரைப் பற்றி என்னால் எதுவும் எழுத முடியாது.

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்த நினைப்பு, ‘இதிலும் முந்திக்கொண்டாரே’ என்பதுதான்.

அஞ்சலி எழுதுகிறவர்கள் மறைந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வார்கள். நானும் நல்லதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் அவரைப் பற்றிய ஒவ்வொரு நல்லதும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அவருக்கே தெரியும். எங்கள் பாடசாலையில் கூரையில் உட்காரும் காக்கைக்குக்கூடத் தெரியும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லோகநாயகி டீச்சர் பொகவந்தலாவையில் கணிதம் கற்பித்தவர். பசாருக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, அங்கிருந்தே நடந்து வந்து படித்து, படித்த பாடசாலைக்கே ஆசிரியையாக வந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மா, தம்பி குணா, கணக்கு, இவைதான் அவருடைய உலகம். குள்ளமான உருவம். குரல் மட்டும் அந்த உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் எதிர் மலையில் முட்டித் திரும்பும்.

எழுபதுகளில் ஒரே நாள் காலையில் எங்கள் இருவருக்கும் அங்கே நியமனம். அவர் கணிதம், நான் விஞ்ஞானம். ஹட்டனில் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினோம். நான் புதுச் சேலையில் சேறு படாமல் இருக்க ஓரமாக நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சேலையை ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறிப் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது ஜன்னலோர மேசை அவருக்குக் கிடைத்திருந்தது. அதற்கு இடப்பக்கத்தில், மழை ஒழுகும் இடத்தில் இருந்த மேசை எனக்கு. அன்றைக்குத் தொடங்கியது.

பிள்ளைகள் என்னிடம் ஓடி வந்து, “சுசீலா டீச்சர்!” என்று கூப்பிடுவார்கள். நான் மலர்ந்துபோய், “என்ன?” என்பேன். “லோகா டீச்சர் எங்க இருக்காங்க?” என்று கேட்பார்கள்.

ஒருமுறை பிள்ளைகளை ரயிலில், இலங்கையிலேயே உயரமான நிலையமான பட்டிப்பொலவுக்குச் சுற்றுலா அழைத்துப் போனோம். உயரமான இடத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்பதை அங்கேயே செய்து காட்ட வேண்டும் என்பது என் திட்டம். அதற்காக மண்ணெண்ணெய் அடுப்பு, கேத்தல், வெப்பமானி எல்லாவற்றையும் சுமந்து போனேன். பட்டிப்பொலவில் பனியும் காற்றும் சேர்ந்துகொண்டு தீக்குச்சியைக்கூட எரியவிடவில்லை. லோகநாயகி டீச்சரோ கையை வீசிக்கொண்டு வந்தவர். ரயில் ஏறும்போது ஒரு பிள்ளையின் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்துப் பெட்டியின் தரையில் வைத்தார். ரயில் மேட்டில் ஏற ஏறப் பழம் பின்பக்கமாக உருண்டது. பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். பட்டிப்பொல நிலையத்தில் ரயில் நின்றதும் பழமும் அசையாமல் நின்றது. “இதுக்கு மேல ஏறுறதுக்கு ரயிலுக்கு ஸ்டேஷன் இல்லன்னு பழத்துக்கே தெரியுது பாருங்க” என்றார். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று வேலைக்குப் போகிறார்கள். எங்கே கண்டாலும் தோடம்பழத்தைத்தான் ஞாபகப்படுத்துகிறார்கள். என் அடுப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் துபாயில் வேலை செய்துகொண்டிருந்த குணா திரும்பி வந்து, பசாரில் எல்லாருக்குமாக ஒரு வீடு எடுத்து, அதன் முன்பக்கத்தில் ரேடியோ, கேசட் விற்கும் கடை போட்டார். வரும்போது அக்காவுக்கு ஒரு கணினி கொண்டுவந்தார். தட்டச்சு இயந்திரத்தின் விசைப்பலகையை மட்டும் வெட்டி எடுத்ததுபோல் ஒரு பெட்டி. அதைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தால் எழுத்துகள் திரையில் வரும். நிரலைக் கேசட்டில் பதிந்துவைத்துக்கொள்ளலாம்.

அப்போது எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். கணினி என்றால் என்னவென்று கண்டியில் பழைய சஞ்சிகைகளை நிறுத்து வாங்கிப் படித்துத் தெரிந்துவைத்திருந்தவள் நான். சால்டரிங் இரும்பு வாங்கி, சேலையில் ஓட்டை விழ விழ ரேடியோ வேலை பழகியவளும் நான். வந்து இறங்கியதோ அவர் வீட்டில். அதுவும் கேட்காமலே. அன்று மாலை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தபடியே வீடு போய்ச் சேர்ந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். குணா தொலைக்காட்சியின் திருகைத் திருப்பித் திருப்பி நிலையம் தேடிக்கொண்டிருந்தார். இரைச்சலும் புள்ளிகளுமாக ஓடி, திடீரென்று நீலத் திரை வந்து நின்றது. ஒரு மூலையில் சின்னக் கட்டமொன்று விட்டுவிட்டு மின்னியது. லோகநாயகி டீச்சர் என்னைப் பார்த்தார்.

“கூட்டு, பெருக்குன்னா செய்யுது டீச்சர். ஆனா சும்மா உக்காந்த எடத்துல உக்காந்திருக்கு. இதுக்குக் கை காலு வேணும். உங்களால முடியுமா?”

முடியாது என்று சொல்வேனா? பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தேன். இரண்டு பொம்மை ஜீப்புகளை உடைத்து மோட்டாரையும் சக்கரச் சில்லுகளையும் எடுத்து, டின்னின் இரண்டு பக்கமும் பூட்டினேன். முன்னால் ஒரு நாற்காலிச் சில்லு. வலப்பக்க மோட்டார் மட்டும் ஓடினால் டின் இடப்பக்கம் திரும்பும். இடப்பக்கத்து மோட்டார் மட்டும் ஓடினால் வலப்பக்கம் திரும்பும். இரண்டும் ஓடினால் நேரே போகும். கணினியால் நேராக மோட்டாரை ஓட்ட முடியாது, அது எரிந்துபோகும். அதற்காக நடுவில் ஒரு ரிலே பெட்டி செய்தேன். கணினி கண்ணைக் காட்டினால் போதும், அந்தப் பெட்டி பற்றரி மின்சாரத்தைத் திறந்துவிடும். கணினியின் பின்புறத்திலிருந்து டின் வரைக்கும் ஒரு நீளமான வயர்க்கட்டு. பிள்ளைகள் அதைப் பார்த்த அன்றே, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவரின் பெயரை வைத்துவிட்டார்கள்: கங்காணி.

நிரல் எழுதும் வேலை அவருடையது. எனக்கும் எழுத ஆசைதான். ஆனால் கணினி அவருடையது, நாற்காலி அவருடையது, விரலும் அவருடையதாகவே இருந்தது. நான் ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்த்து முடிப்பதற்குள் அவர் ஒரு பக்கத்தைத் தட்டி முடித்திருப்பார். அந்த வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கட்டளைகள் தமிழில் இருக்க வேண்டும்.

“லெஃப்ட், ரைட்டுன்னு பட்டாளம் மாதிரி நம்மளுக்கு வேணாம். முன், இடம், வலம். லயத்துல இருக்கிற சின்னப் புள்ளைக்கும் வெளங்கணும்.”

கணினிக்கு ஆங்கில எழுத்துத்தான் தெரியும். ஆகவே தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுதினார். முன் என்றால் இந்த எண், இடம் என்றால் இந்த எண், வலம் என்றால் இந்த எண் என்று முதலிலேயே கணினிக்குச் சொல்லிவைக்க வேண்டும். முன் என்றதும் கங்காணி முன்னால் போனான். இடம் என்றதும் இடப்பக்கம் திரும்பினான். வலம் என்று எழுதிய வரியில் மட்டும் கணினி நின்றது. வாக்கியப் பிழை என்று திரையில் காட்டியது.

மறுபடி தட்டினார். பிழை. எழுத்தைச் சரிபார்த்தார். பிழை. அணைத்து, ஆற விட்டு, மீண்டும் போட்டார். பிழை. எனக்கு உள்ளுக்குள் திருவிழா. என் மோட்டாரில் குற்றமில்லை, என் ரிலேயில் குற்றமில்லை, குற்றம் லோகநாயகி டீச்சரின் வரியில் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கு அவருக்கு வரவில்லை. அதை நான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று உறுதி எடுத்தேன். ஜன்னலோர மேசை போகட்டும், தோடம்பழம் போகட்டும், இந்த ஒரு திருப்பம் என்னுடையதாக இருந்தால் போதும். கணினியோடு வந்த புத்தகத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆனால் பழக்கதோஷம், வயர் வரைபடம் உள்ள பக்கங்களைத்தான் திருப்பித் திருப்பிப் படித்தேன்.

இதற்கிடையில் ஹட்டனில் கல்விக் கண்காட்சி நெருங்கியது. அதிபருக்கு ஒரே உற்சாகம். பிரதம விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றியதும் கங்காணி அதை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். இடப்பக்கமாகத்தான் சுற்றுவான் என்று சொன்னோம். அதிபர் முகம் மாறியது.

“என்னா டீச்சர் பேசுறீங்க? வெளக்க எடமா சுத்துறதா? அது சாவு வீட்டுல சுத்துறது. வலமா சுத்துனா கொண்டு வாங்க. இல்லாட்டி டின்ன வீட்டுலயே வச்சிருங்க.”

நான் ஒரு வழி சொன்னேன். இடப்பக்கமாக மூன்று தடவை திரும்பினால் வலப்பக்கத்தைப் பார்த்து நிற்பான் அல்லவா? லோகநாயகி டீச்சர், “அட! நல்லா இருக்கே” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு செம்பை விளக்காக வைத்து ஓட்டிப் பார்த்தோம். கங்காணி ஒவ்வொரு மூலையிலும் பம்பரமாகச் சுற்றி நின்று, பிறகு நடந்தான். செம்பை வலமாகத்தான் வந்தான். ஆனால் வயர் அவன் மேலேயே முறுக்கிக்கொண்டு வந்தது. கடைசி மூலையில் அது இறுகி, கணினியை மேசை விளிம்புக்கு இழுத்துவிட்டது. நான் பாய்ந்துபோய்க் கணினியைப் பிடித்துக்கொண்டேன். கங்காணி சுவரில் மோதி மல்லாந்து கிடந்து சில்லைச் சுழற்றினான்.

“உங்க புள்ளய விட்டுட்டு என் புள்ளயப் புடிச்சீங்களே டீச்சர்” என்று சொல்லி அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தப் பிள்ளை மேல் என் கண் இருந்தது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டதே என்றுதான் இருந்தது.

அன்று பிற்பகலே விடை கிடைத்தது. குணா தேநீர் கொண்டுவந்து வைத்திருந்தார். லோகநாயகி டீச்சர் சலிப்போடு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

“வலம் வராட்டி போகட்டும். என் வீட்டு மெஷின், என் பேரச் சொன்னா கேக்காதா? வலத்துக்குப் பதிலா லோகான்னு வச்சிருவோம்.”

எல், ஓ, ஜி, ஏ. தட்டினார். பிழை.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு நாள் சேர்த்துவைத்த சிரிப்பு. “உங்க பேரே அதுக்குப் புடிக்கல டீச்சர்!”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று மேசையில் தட்டினார். தேநீர் சிந்தியது.

“டீச்சர்! என் பேருக்குள்ள லாக் இருக்கு! லாகரிதம்! மொத மூணு எழுத்தப் பாருங்க!” என்று கத்தினார். “இது அவசரக்குடுக்க. சொல்ல முழுசா படிக்க மாட்டேங்குது. தனக்குத் தெரிஞ்ச மூணு எழுத்து வந்த ஒடனே, லாக் கண்டுபுடிக்கத்தான் சொல்றாங்கன்னு பாய்ஞ்சிருது. வலத்துலயும் அப்புடி என்னமோ இருக்கு. புத்தகத்த எடுங்க!”

புத்தகம் என் பைக்குள் இருந்தது. கணினிக்கு ஏற்கெனவே தெரிந்த கட்டளைச் சொற்கள் எல்லாம் கடைசிப் பக்கங்களில் வரிசையாக அச்சாகியிருந்தன. நான் திறந்தே பார்க்காத பக்கங்கள். வி, ஏ, எல் என்பது அதில் ஒரு கட்டளை. வலம் என்று எழுதினால் அது முதல் மூன்று எழுத்தை அந்தக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. இடம் என்ற சொல்லுக்குள் அப்படி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அந்தக் கணினியைச் செய்தவர்களுக்குத் தமிழில் வலப்பக்கம் ஒன்று இருப்பது தெரியாது.

கூடத்திலேயே உட்கார்ந்து அழலாம்போல் இருந்தது எனக்கு. ஒரு வாரம் அந்தப் புத்தகம் என் வீட்டில் கிடந்தது. அவரோ, புத்தகத்தைப் பார்க்காமல், தன் பெயரிலேயே கண்டுபிடித்துவிட்டார். தோற்பதிலும் ஒரு வெற்றி எடுத்துக்கொள்ள அவரால்தான் முடியும்.

“உங்க பேர எழுதிப் பாப்போம்” என்றார். எஸ், யூ, எஸ், ஐ, எல், ஏ. தட்டினார். கணினி எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஓட்டினார். கங்காணி அழகாக வலப்பக்கம் திரும்பினான்.

“பாத்தீங்களா? சுசீலான்னா ஒடனே கேக்குது” என்றார். வேறு சொல் போடலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். சோத்துக்கை என்று போடலாம், சும்மா ஓர் எழுத்துப் போடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. வலம் என்றால் சுசீலா என்று முடிவாகிவிட்டது.

ஹட்டனில் விளக்கு ஏற்றியதும் அவர் கணினியின் முன் உட்கார்ந்து, தட்டத் தட்ட அந்த எதிரொலிக்கும் குரலில் சொன்னார்: “முன்... சுசீலா... முன்... சுசீலா...” இரண்டாவது மூலையிலேயே பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மூலையில் மண்டபமே “சுசீலா!” என்று கத்தியது. நான் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கங்காணியின் பின்னால் குனிந்தபடி போய்க்கொண்டிருந்தேன். முகம் சுட்டது. தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு பிள்ளையின் தகப்பன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “காலையில பெரட்டுல வேலைக்குக் கங்காணி பேரு கூப்புட்டா நாம ஓடுவோம். இங்க பேரு கூப்புட்டா கங்காணி ஓடுறான்யா!”

பரிசை லோகநாயகி டீச்சரின் பெயருக்கு அறிவித்தார்கள். கணினியின் சொந்தக்காரர் அவர்தானே. அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, “இந்தக் கம்பியூட்டருக்கு என் பேரு புடிக்கல. சுசீலா டீச்சர் பேருதான் புடிச்சிருக்கு. பரிச அவங்களுக்குக் குடுங்க” என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பரிசு என் கைக்கு வந்தது. ஆனால் அப்படிக் கொடுக்கிற மனசு அவரிடமே இருந்துவிட்டது. எனக்கு அது ஒருநாளும் வராது என்று அந்த மேடையிலேயே தெரிந்தது. பரிசை விட அதற்குத்தான் அதிகம் பொறாமைப்பட்டேன்.

அதன் பிறகு ஆசிரியர் அறையில் எனக்கு நிம்மதி இல்லை. அவருடைய மேசை என் வலப்பக்கம் அல்லவா? “சுசீலா டீச்சர்” என்று கூப்பிடுவார். நான் வலப்பக்கம் திரும்பித்தானே பார்க்க வேண்டும்? திரும்பியதும், “வேல செய்யுது! வேல செய்யுது!” என்று கைகொட்டுவார். திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை. இடமாற்றம் கிடைத்து அக்கரப்பத்தனைக்குப் போன பிறகும், யாராவது என் பெயரைச் சொன்னால் கழுத்து தானாக வலப்பக்கம்தான் போகும்.

அவருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் இன்னும் குள்ளமாகத் தெரிந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

“இன்னும் என் மேல பொறாமையா டீச்சர்?”

“ஆமா” என்றேன்.

“அப்பாடா. எல்லாரும் வந்து பாவம் பாவம்னு பாக்குறாங்க. நீங்க ஒருத்தராச்சும் பழைய மாதிரி பாக்குறீங்களே.” என் பக்கம் திரும்பிப் படுத்தார். “கம்பியூட்டர ஸ்கூலுக்குக் குடுத்துட்டேன். நீங்க கேப்பீங்கன்னு தெரியும். அதான் முந்தியே குடுத்துட்டேன்.”

கேட்கத்தான் போயிருந்தேன். பழங்களை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இப்போது கணினி பொகவந்தலாவையில் இருக்கிறது. கங்காணி என் வீட்டு அலுமாரியின் மேல் இருக்கிறான்.

தந்தி கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது எடுக்கும் நேரமாகிவிட்டது. குணாவின் கடைக்குப் பின்னால் இருக்கும் அதே கூடத்தில்தான் அவரைக் கிடத்தியிருந்தார்கள். செம்பு வைத்துக் கங்காணியை ஓட்டிய அதே இடம். பெண்கள் கையில் வாய்க்கரிசியோடு சுற்றத் தொடங்கினார்கள். ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “எடப்பக்கமா வாங்கம்மா, எடப்பக்கமா.” நானும் அரிசியை எடுத்துக்கொண்டு வரிசையில் நடந்தேன். அவர் முகம் எனக்கு இடப்பக்கத்தில் இருந்தது. முன், இடம், முன், இடம். எல்லாரும் அப்படித்தான் போனோம்.

கால்மாட்டுப் பக்கம் வரும்போது, கூட்டத்தின் பின்னாலிருந்து குணா கூப்பிட்டார். “சுசீலா டீச்சர்!” அக்காவிடம் படித்த பிள்ளைகள் ஹட்டனிலிருந்து வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு வழி விடச் சொல்லத்தான்.

நான் வலப்பக்கம் திரும்பினேன். அத்தனை பேரும் இடமாகப் போய்க்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும். பின்னால் வந்தவர் என் மேல் மோதிக்கொண்டார். வரிசை நின்றது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கக்கூடிய ஒருவர் கைகொட்டாமல் படுத்திருந்தார்.

தலைமாட்டுக்கு வந்ததும் குனிந்து வாயருகே அரிசியைப் போட்டேன். சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பார்கள். நான் அதைச் சொல்லவில்லை. அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்:

“வேல செய்யுது டீச்சர்.”